பார்க்லாந்துக்குப் பிறகு ஃபுளோரிடா போட்ட கணக்கு: துப்பாக்கிக் கட்டுப்பாடு, பள்ளிக் காவல், செலவு

2018 பிப்ரவரி 14, பிற்பகல் 2.19. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், பிரோவர்ட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) உள்ள பார்க்லாந்து ஊர். மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளி விடுவதற்கு இன்னும் 20 நிமிடம் இருந்தது. கூட்டிப்போக வரும் வண்டிகளுக்காகக் கிழக்குப் பக்கத்துக் கேட்டை வழக்கம்போல முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டார்கள். கேட்டில் ஆள் இல்லை. ஊபர் காரில் வந்து இறங்கிய 19 வயது முன்னாள் மாணவன் ஒருவன் நீளமான துப்பாக்கிப் பையோடு அதன் வழியே உள்ளே நடந்தான். வளாகக் கண்காணிப்பாளர் ஒருவர் அவனைப் பார்த்தார், யாரென்று அடையாளமும் கண்டுகொண்டார், ரேடியோவில் சக ஊழியரிடம் சொன்னார். ஆனால் 'கோட் ரெட்', அதாவது எல்லோரும் அறைகளுக்குள் ஒதுங்கிப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று பள்ளி முழுவதற்கும் எச்சரிக்கை கொடுக்கவில்லை. அடுத்த சில நிமிடங்களில் 14 மாணவர்களும் 3 ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள், 17 பேர் காயமடைந்தார்கள்.

அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச் சூடுகளில் இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. துப்பாக்கி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் விதிகளையும் பள்ளிப் பாதுகாப்புக்கான பெருஞ்செலவையும் ஒரே சட்டத்தில் கொண்டுவந்த மாநிலம் ஃபுளோரிடா. அதுவும் துப்பாக்கி உரிமைக்குப் பேர்போன மாநிலம், இரு அவைகளிலும் ஆளுநர் பதவியிலும் குடியரசுக் கட்சியே இருந்த நேரம். 'கட்டுப்பாடா, காவலா' என்று மற்ற இடங்களில் மேடையில் மட்டும் நடக்கும் வாதத்தை, இங்கே பணக் கணக்கோடும் நீதிமன்றத் தீர்ப்போடும் வைத்துப் பார்க்க முடிகிறது.

12ஆம் எண் கட்டடம்

முதலில் அந்தக் கட்டடத்துக்குள் நடந்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பிற்பாடு எதற்குப் பணம் கொட்டினார்கள், எதற்குக் கொட்டத் தேவையே இருக்கவில்லை என்பது அங்கேதான் புரிகிறது.

மூன்று தளக் கட்டடம் அது. தரைத்தளத்தில் 11 பேர் இறந்தார்கள். இரண்டாம் மாடியில் 6 பேர். நடுவில் இருந்த முதல் மாடியில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவன் அந்த மாடியிலும் நடந்தான், அங்கேயும் சுட்டான்.

வித்தியாசம் எங்கே வந்தது? துப்பாக்கிப் புகையும் கூரையிலிருந்து உதிர்ந்த தூசியும் சேர்ந்து தீ எச்சரிக்கை மணியை அடிக்க வைத்துவிட்டன. முதல் மாடியில் இருந்தவர்களுக்குக் கீழே வெடிச்சத்தம் தெளிவாகக் கேட்டது. அதனால் மணியைப் பொருட்படுத்தாமல் வகுப்புகளுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டாம் மாடிக்குச் சத்தம் சரியாக எட்டவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் பழக்கப்பட்டபடி வெளியே நடைபாதைக்கு வந்தார்கள். துப்பாக்கியோடு அவன் படியேறி வந்தபோது அந்த நடைபாதை நிறைய ஆட்கள். 'கோட் ரெட்' என்ற இரண்டு சொல் ஒலிபெருக்கியில் நேரத்துக்கு வந்திருந்தால் அந்த ஆறு பேரில் எத்தனை பேர் இன்று இருந்திருப்பார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. அவன் எந்த வகுப்பறைக்குள்ளும் நுழையவில்லை. கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாகவே சுட்டான். வகுப்பறைகளில் சுடப்பட்டவர்கள் அந்தக் கண்ணாடியிலிருந்து பார்வைக்கு எட்டும் இடத்தில் இருந்தவர்கள். ஒவ்வோர் அறையிலும் கதவுக் கண்ணாடியிலிருந்து தெரியாத மூலை ஒன்று இருக்கும். அந்த மூலையைத் தரையில் ஒரு கோடு போட்டுக் காட்டி, அங்கே மேசை அலமாரி எதையும் வைக்காமல் காலியாக விட வேண்டும் என்று முன்பே ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான அறைகளில் செய்யவில்லை. மூலையில் தட்டுமுட்டுச் சாமான்கள் அடைத்திருந்த அறைகளில் பிள்ளைகள் ஒதுங்க இடமில்லாமல் நின்றார்கள். கதவுகளையோ வெளியே நின்று சாவி போட்டுத்தான் பூட்ட முடியும். சுடுபவன் நடைபாதையில் நிற்கும்போது ஆசிரியர் அங்கே வந்துதான் கதவைப் பூட்ட வேண்டும்.

பள்ளிக்கென்று ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவரும் இருந்தார். தரைத்தளத்துச் சூடு முழுவதும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அவர் கட்டடத்தருகே வந்து சேர்ந்தபோது அந்த 11 சாவுகளும் ஏறக்குறைய நடந்து முடிந்திருந்தன. இரண்டாம் மாடியின் 6 சாவுகள் அதற்குப் பிறகு. அவர் உள்ளே போகவில்லை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரோரம் நின்றுவிட்டார், ஏறக்குறைய 48 நிமிடம். அவர் மீது குற்ற வழக்குப் போட்டார்கள், 2023 ஜூனில் ஜூரி அவரை விடுவித்தது.

பினெல்லஸ் கவுண்டியின் ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், பாப் குவால்டியேரி தலைமையில் மாநிலம் அமைத்த விசாரணை ஆணையம் 2019 ஜனவரியில் கொடுத்த முதல் அறிக்கையில் இவையெல்லாம் நிமிடக் கணக்கோடு இருக்கின்றன. அன்று இல்லாமல் போனவை: அந்தக் கேட்டுக்கு ஓர் ஆள், தரையில் ஒரு கோடு, உள்ளிருந்தே பூட்டும் தாழ்ப்பாள், யார் வேண்டுமானாலும் கோட் ரெட் கொடுக்கலாம் என்ற எழுத்து மூலமான உத்தரவு. முதல் மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு பள்ளியின் ஆண்டு பட்ஜெட்டில் கண்ணுக்கே தெரியாது. நான்காவதற்குக் காசே வேண்டாம்.

துப்பாக்கி எப்படி வந்தது

பள்ளி வாசலில் இருந்து பின்னோக்கிப் போவோம். அவன் கையில் இருந்தது ஏஆர்-15 வகை ரைஃபிள். 2017 பிப்ரவரியில், 18 வயதில், கடையில் முறைப்படி பின்னணிச் சோதனை முடித்து வாங்கியது. சட்டத்தை எங்கும் மீறவில்லை. அன்றைய விதிப்படி உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயதாக வேண்டும், ரைஃபிளுக்கு 18 போதும். பீர் வாங்க 21 ஆக வேண்டிய மாநிலத்தில் இது.

2017 நவம்பரில் அவனுடைய தாய் இறந்தார். அந்த மாதக் கடைசியில் ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. அவன் துப்பாக்கிகள் சேர்க்கிறான், பள்ளியில் சுடப்போகும் ஆளாக மாறக்கூடும் என்று அழைத்தவர் எச்சரித்தார். அவனை வீட்டில் சேர்த்துக்கொண்ட நண்பனின் குடும்பம், துப்பாக்கிகளை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சாவி தங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவனிடமும் ஒன்று இருந்தது.

2018 ஜனவரி 5. அவனை நன்கு அறிந்த ஒருவர் எஃப்.பி.ஐ.யின் பொதுத் தகவல் எண்ணை அழைத்து, அவனிடம் துப்பாக்கிகள் இருப்பதையும், கொல்லும் எண்ணம் இருப்பதையும், பள்ளியில் சுடக்கூடும் என்ற பயத்தையும் விவரமாகச் சொன்னார். அந்தத் தகவல் மயாமி கிளை அலுவலகத்துக்குப் போகவே இல்லை. நாற்பது நாள் கழித்து பிப்ரவரி 14 வந்தது.

இந்தத் தவறுக்காக அமெரிக்க நீதித்துறை 2022இல் குடும்பங்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 12.75 கோடி டாலர். பார்க்லாந்துக்குப் பிறகு ஃபுளோரிடா தன் மாநிலத்துப் பள்ளிகள் அத்தனைக்கும் கதவு, வேலி, பூட்டு, கேமரா என்று கட்டடங்களைப் பலப்படுத்த முதல் ஆண்டில் ஒதுக்கியது சுமார் 9.9 கோடி. ஒரு தொலைபேசிக் குறிப்பை உரிய மேசைக்கு அனுப்பாமல் விட்டதன் விலை, ஒரு மாநிலத்தின் பள்ளிக் கதவுகளின் விலையைவிட அதிகம். பள்ளி மாவட்டமும் (கவுண்டியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) தன் பங்குக்குத் தனியே 2.5 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. 12ஆம் எண் கட்டடத்துக்குப் பதில் புதிதாகக் கட்டவும் ஏறக்குறைய அதே அளவு பணம் ஒதுக்கினார்கள். பழைய கட்டடம் வழக்குக்கான சாட்சியமாகப் பூட்டியே கிடந்து 2024 ஜூனில்தான் இடிபட்டது. இத்தனை வருடமும் பக்கத்துக் கட்டடங்களில் வகுப்பு நடந்தது. அதைத் தினமும் கடந்துபோன பிள்ளைகளின் கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது?

மூன்று வாரத்தில் ஒரு சட்டம்

தப்பிப் பிழைத்த மாணவர்கள் பேருந்துகளில் தலைநகர் டாலஹாசிக்குப் போய்ச் சட்டமன்றத்தை முற்றுகையிட்டதும், உறவை இழந்த பெற்றோர் பிரதிநிதிகளின் அறைகளில் காத்துக் கிடந்ததும் நடந்திராவிட்டால் இந்தச் சட்டம் வந்திருக்காது. தாக்குதல் ரக ரைஃபிள்களுக்குத் தடை கேட்டார்கள், அது கிடைக்கவில்லை. கிடைத்தது இது: எந்தத் துப்பாக்கியும் வாங்க வயது 21, வாங்கியதைக் கையில் வாங்க மூன்று நாள் காத்திருப்பு, துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் கருவிக்குத் தடை, ஆபத்தானவர் என்று நீதிபதி முடிவு செய்தால் ஒருவரின் துப்பாக்கிகளைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் உத்தரவு. கூடவே ஒவ்வொரு பொதுப்பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய ஒருவராவது இருக்க வேண்டும் என்ற கட்டாயம். மொத்தம் 40 கோடி டாலர் ஒதுக்கீடு. செனட்டில் 20க்கு 18, கீழவையில் 67க்கு 50. ஆளுநர் ரிக் ஸ்காட் மார்ச் 9 அன்று கையெழுத்திட்டார். அன்றைக்கே துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கம் வயது வரம்பை எதிர்த்து வழக்குப் போட்டது.

40 கோடி எங்கே போனது? கட்டடங்களுக்குச் சுமார் 9.9 கோடி, பள்ளிக் காவலர்களுக்குக் கூடுதலாக 9.75 கோடி, மனநல உதவிக்கு 6.9 கோடி, போலீஸ் அல்லாத பள்ளி ஊழியர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்கும் 'கார்டியன்' திட்டத்துக்கு 6.7 கோடி. கடைசித் திட்டத்துக்கு முதல் ஆண்டில் பெரும்பகுதிப் பணத்தைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. பல மாவட்டங்கள் ஆசிரியர் கையில் துப்பாக்கி கொடுக்க விரும்பவில்லை. பிறகு பணத் தட்டுப்பாடு அவர்களைத் திட்டத்தின் பக்கம் தள்ளியது. முழுச் சம்பளம், சலுகை, வாகனத்தோடு ஒரு ஷெரிஃப் துணைக் காவலரை வைப்பதைவிட, 144 மணி நேரப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரை வைப்பது எவ்வளவோ மலிவு. 2019 மே மாதம் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட அடுத்த சட்டம், வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் இதில் சேரலாம் என்றது. ஒரு மாவட்டம் ஆசிரியருக்குத் துப்பாக்கி கொடுப்பதில் உள்ள நியாய அநியாயத்தைப் பேசி முடிவெடுத்தது என்பதைவிட, பட்ஜெட்டைப் பார்த்து முடிவெடுத்தது என்பதே பல இடங்களில் உண்மை. இது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

செலவு யார் தலையில்

இந்த நிகழ்வில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது.

துப்பாக்கிக் கட்டுப்பாடும் பள்ளிக் காவலும் ஒரே தராசில் வைக்கும் இரண்டு தட்டுகளாகப் பேசப்படுகின்றன. ஆனால் இரண்டுக்கும் விலை கொடுப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். வயது வரம்புக்கு அரசுக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை, ஏற்கெனவே கடையில் நடக்கும் சோதனையில் ஒரு பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். விலை கொடுப்பவர் 18 முதல் 20 வயதுக்குள் இருக்கும், யாருக்கும் கெடுதல் நினைக்காத, வேட்டைக்கோ தற்காப்புக்கோ துப்பாக்கி வாங்க விரும்பும் இளைஞர். அந்த விலையைச் சும்மா தள்ளிவிட முடியாது, அமெரிக்க அரசியல் சட்டம் அவருக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. காவலுக்கோ காசு வேண்டும், ஒருமுறை அல்ல, ஆண்டுதோறும். கொடுப்பவர் வரி கட்டுபவர். அவர் கொடுக்காவிட்டால் அந்த இடத்தில் நூலகரோ ஆலோசகரோ குறைகிறார்.

ஃபுளோரிடாவின் பாதுகாப்பான பள்ளிகள் ஒதுக்கீடு பார்க்லாந்துக்கு முன்பு ஆண்டுக்குச் சுமார் 6.4 கோடி டாலர். 2018-19இல் சுமார் 16.2 கோடி. அடுத்த ஆண்டு 18 கோடி. 2023-24இல் 25 கோடி. 2024-25இல் 29 கோடி. மாநிலத்தின் பொதுப்பள்ளி மாணவர் தலைக்கு ஏறக்குறைய 100 டாலர். இது மாநிலம் கொடுப்பது மட்டும். போதாததை மாவட்டங்கள் தேடிக்கொள்ள வேண்டும். 2018 ஆகஸ்ட்டில் பிரோவர்ட் மக்கள் தங்கள் சொத்து வரியை உயர்த்த ஓட்டுப் போட்டுச் சம்மதித்தார்கள். ஆயிரம் டாலர் மதிப்புக்கு அரை டாலர், அதில் ஆண்டுக்குச் சுமார் 9.3 கோடி டாலர். பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கு, ஒரு பங்கு பள்ளிக் காவலுக்கு. சம்பளம் போதாமல் ஆசிரியர்கள் ஓடிப்போகும் மாநிலத்தில், சம்பளமும் காவலும் ஒரே வரியில் இடம் பிடிக்கப் போட்டி போட்டன.

இதே பிரோவர்ட் மக்கள் தங்கள் கவுண்டிக்குள் துப்பாக்கி விற்பனைக்குக் கூடுதல் விதி போட நினைத்தால்? முடியாது. ஃபுளோரிடாவில் துப்பாக்கிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு மட்டும். மீறி விதி போடும் உள்ளூர் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை தனிப்பட்ட அபராதம் என்று 2011இல் சட்டம் செய்தார்கள். பார்க்லாந்துக்குப் பிறகு நகரங்கள் பல சேர்ந்து இதை எதிர்த்து வழக்காடின. 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகள் செல்லும் என்றது. ஆக, உள்ளூர்காரர் வரி கட்டிக் காவல் வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். காவல் எதற்குத் தேவைப்படுகிறதோ அதைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. இது அநியாயம் என்பது என் கருத்து. துப்பாக்கி உரிமையை மதிப்பவர்கூட இதை ஒப்புக்கொள்ள முடியும்.

பணம் மட்டும் போதாது என்பதற்கும் பிரோவர்டே சாட்சி. 2014இல் பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் பாதுகாப்புக்கும் 80 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். வேலைகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன, செலவு எகிறியது. மாநில அளவிலான கிராண்ட் ஜூரி (குடிமக்களைக் கொண்ட விசாரணைக் குழு) 2022இல் வெளியான அறிக்கையில் மாவட்ட நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. டிசாண்டிஸ் நான்கு பள்ளி வாரிய உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தார்.

ஆயுதம் தாங்கியவர் இருந்தால்?

1980 முதல் 2019 வரை நடந்த 133 பள்ளித் துப்பாக்கிச் சூடுகளையும் முயற்சிகளையும் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் ஜாமா குழும மருத்துவ இதழில் வந்தது. ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் சாவு விகிதம் குறையவில்லை. மற்ற காரணிகளைக் கழித்த பிறகு 2.83 மடங்கு அதிகமாக இருந்தது. காவலர் இருப்பதால் சாவு கூடுகிறது என்று இதற்கு அர்த்தம் செய்ய வேண்டாம். சாகத் துணிந்து வருபவனைக் காவலரின் துப்பாக்கி பயமுறுத்துவதில்லை, அவன் இன்னும் பெரிய ஆயுதத்தோடு வருகிறான் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று.

மறுபக்கமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் மேரிலாந்தின் கிரேட் மில்ஸ் பள்ளியில் காவலர் ஒரு நிமிடத்துக்குள் சுட்டவனை எதிர்கொண்டார். 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அபலாச்சி பள்ளியில் ஆசிரியர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையின் அவசர பட்டனை அழுத்தினார்கள், பள்ளிக் காவலர்கள் சில நிமிடங்களில் சிறுவனைப் பிடித்தார்கள். நான்கு பேர் இறந்திருந்தார்கள், இன்னும் பலர் இறக்கவில்லை. போலீஸ் வர அரை மணி ஆகும் கிராமப்புறப் பள்ளியில் காவலர் வேண்டும் என்று ஒரு பெற்றோர் கேட்டால் நான் மறுக்க மாட்டேன். காவலர் சாவின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், தாக்குதலைத் தடுப்பார் என்று அவரை விற்கக் கூடாது.

டெக்சாஸின் யூவால்டியை இங்கே சேர்த்துப் பார்ப்பது உதவும். 2022 மே 24, ராப் தொடக்கப்பள்ளி, 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். வந்து குவிந்த காவலர்கள் 376 பேர். சுட்டவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. அவன் 18ஆம் பிறந்தநாள் முடிந்த சில நாட்களில் இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி வாங்கியவன். ஃபுளோரிடாவில் கடைக்காரர் அவனுக்கு விற்றிருக்க முடியாது. வயதை 21 ஆக்கும் மசோதா டெக்சாஸில் 2023இல் ஒரு குழுவைத் தாண்டி, சபைக்கு வராமலே செத்தது. அதற்குப் பதில் ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதக் காவலர் கட்டாயம் என்று சட்டம் வந்தது. கொடுத்த பணம் பள்ளிக்கு 15,000 டாலர், மாணவருக்கு 10 டாலர். 15,000 டாலருக்கு ஆண்டு முழுவதும் எந்தப் போலீஸ்காரர் வேலைக்கு வருவார்? மாவட்டங்கள் பல விதிவிலக்குக் கேட்டு நின்றன, அந்தத் தொகையைப் பின்னாளில் உயர்த்த வேண்டியதாயிற்று.

கட்டுப்பாட்டுப் பக்கம் எவ்வளவு தாங்கும்

ஆபத்தானவரின் துப்பாக்கிகளைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் உத்தரவுதான் ஃபுளோரிடாவின் இந்தச் சட்டத்தின் மிக நல்ல பகுதி என்று நினைக்கிறேன். ஃபுளோரிடாவில் போலீஸ் மட்டுமே மனு போட முடியும். தற்காலிக உத்தரவுக்குப் பிறகு 14 நாளுக்குள் விசாரணை, தெளிவான ஆதாரம் இருந்தால் ஓராண்டு வரை துப்பாக்கிகள் காவலில். நவம்பரில் வந்த அழைப்புக்கும் ஜனவரியில் வந்த அழைப்புக்கும் 2017இன் சட்டத்தில் போலீஸ் கையில் இல்லாத கருவி இதுவே. சட்டம் இருந்திருந்தால் கட்டாயம் தடுத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், தகவலைத் தூங்கவிட்ட அலுவலகம் மனுவையும் தூங்கவிட்டிருக்கலாம். ஆனால் இன்று அப்படி ஓர் அழைப்பு வந்தால் அதைக் கையிலெடுக்கும் அதிகாரிக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஃபுளோரிடா நீதிபதிகள் ஆயிரக்கணக்கில் இந்த உத்தரவுகளைப் பிறப்பித்திருக்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் இதே வகைச் சட்டத்தை ஆராய்ந்தவர்கள், 10 முதல் 20 உத்தரவுக்கு ஒரு தற்கொலை தடுக்கப்படுவதாகக் கணித்தார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. டெக்சாஸ் 2025இல் இப்படிப்பட்ட உத்தரவுகளையே தடைசெய்து சட்டம் போட்டது.

வயது வரம்பை, ஃபுளோரிடாவும் அடங்கும் 11ஆவது சர்க்யூட் கூட்டாட்சி முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 மார்ச்சில் 8க்கு 4 என்று செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஃபுளோரிடாவின் கீழவையோ 2023, 2024, 2025 என மூன்று ஆண்டும் வரம்பைத் திரும்ப 18 ஆக்கும் மசோதாவை நிறைவேற்றியது, செனட் மூன்று முறையும் அதைக் கையில் எடுக்கவில்லை. பார்க்லாந்து நடந்த மாநிலத்திலேயே அந்தச் சட்டம் இவ்வளவு மெல்லிய கயிற்றில்தான் தொங்குகிறது. எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஒன்று எனக்குச் சரியாகவே படுகிறது: நாட்டில் பொதுமக்கள் கையில் 39.3 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 2018இல் ஒரு சர்வதேச மதிப்பீடு சொன்னது, இவ்வளவு இருக்கும்போது கடையை மட்டும் அடைத்தால் போதுமா?

போதாது. அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தது. துப்பாக்கி பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அதைத் தங்கள் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள். பல வீடுகளில் அது கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டங்கள் சிறார் தற்கொலையையும் தவறுதலாகச் சுட்டுக்கொள்வதையும் குறைக்கின்றன என்பதற்கு, ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் துப்பாக்கிக் கொள்கை ஆய்வுகளைத் தொகுத்ததில் வலுவான ஆதாரம் கண்டது. 2020 முதல் 1 முதல் 19 வயது வரையிலான அமெரிக்கப் பிள்ளைகளின் சாவுக்குத் துப்பாக்கியே முதல் காரணம். அந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவை பள்ளிக்கு வெளியே, வீட்டிலும் தெருவிலும் நடக்கின்றன. பள்ளி வாசலில் நிற்கும் காவலர் அவற்றில் ஒன்றைக்கூடத் தொட முடியாது. ஒரு பூட்டும் ஓர் உத்தரவும் தொட முடியும்.

எனவே செலவை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் முதலில் கேட்பது, வந்த தகவலைக் கையில் எடுத்து முடிவுவரை கொண்டுபோகும் ஆட்களுக்கும் ஆலோசகர்களுக்கும் சம்பளம். அப்புறம் வீட்டுத் துப்பாக்கிக்குப் பூட்டு, உள்ளிருந்து தாழிடும் வகுப்புக் கதவு, கேட்டில் ஆள். காவலரை அதற்கடுத்துத்தான் வைப்பேன், மெட்டல் டிடெக்டரையும் முகமறியும் கேமராவையும் விற்க வரும் நிறுவனங்களை வரிசையின் கடைசியில்.

2025 ஏப்ரல் 17 அன்று டாலஹாசியில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 20 வயது மாணவன் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். போலீஸ் சில நிமிடங்களில் அவனைச் சுட்டுப் பிடித்தது. பார்க்லாந்தில் தப்பியவர்களில் சிலர் அன்று அந்த வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கடையில் துப்பாக்கி வாங்கியிருக்க முடியாது, வயது 21 ஆகவில்லை. பயன்படுத்தியது ஷெரிஃப் துறையில் பணியாற்றிய மாற்றாந்தாயின் பழைய பணித் துப்பாக்கி. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் துப்பாக்கியை வைக்க வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதலில், 1989இல், சட்டம் போட்ட மாநிலம் ஃபுளோரிடா. அந்தச் சட்டத்தில் பிள்ளை என்றால் 16 வயதுக்குக் கீழ். 16 முதல் 20 வரை, வாங்கத் தடை உண்டு, அவர்கள் கைக்கு எட்டாமல் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லும் விதி இல்லை. 2018இன் சட்டம் இந்த இடைவெளியைத் தொடவில்லை. அதை அடைக்க ஒரு டாலர்கூடத் தேவையில்லை, செனட்டில் 21 ஓட்டும் கீழவையில் 61 ஓட்டும் ஆளுநரின் கையெழுத்தும் போதும்.